பின் ஸ்புராக்கெட் ஆடுகிறது: ஹப்பை மாற்றும் முன் பார்த்தவை

ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கினால் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பர்மாவில், மோல்மேனிலிருந்து முடோன் போகும் சாலையில் தனியாகப் போனால் லேசாகத்தான் கேட்கும். மச்சான் ரப்பர் ஷீட் கட்டை ஏற்றிவிட்டால் காலிலேயே அந்த இடி தெரியும். வண்டி, ஹோண்டா வேவ் போலச் செய்த சீன 125 சிசி. ஒர்க்‌ஷாப் சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சக்கரத்தைக் கழற்றி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். எது ஆடுகிறது என்று பார்க்காமல் ஹப்புக்குக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை.

இந்த வண்டிகளில் செயின் மாட்டும் பல்சக்கரமான ஸ்புராக்கெட் நேராகச் சக்கரத்தில் உட்கார்வதில்லை. ஒரு கேரியரில் நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். கேரியரின் காதுகள் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். கேரியருக்கென்று தனியாக ஒரு பேரிங் உண்டு. ஆட்டம் இதில் எங்கிருந்தும் வரலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஆடுகிற திசை வேறு.

முதலில் ஆக்ஸில் நட்டைச் சரிபார்த்தேன். அது தளர்ந்திருந்தால் மற்ற சோதனைக்கு அர்த்தமே இல்லை. இறுக்கமாகத்தான் இருந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். (எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைக்கிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். விரல் போக ஒரு நொடி போதும்.)

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்புராக்கெட்டை முன்னும் பின்னும் திருகினேன். கொஞ்சம் அசைந்தது. அது ரப்பரின் அசைவு. கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும், அதிர்ச்சியை வாங்குவதே அந்த ரப்பர்தானே. அப்புறம் ஸ்புராக்கெட்டை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே தள்ளினேன். கண்ணுக்கே தெரிகிற மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தது. இதுதான் கோளாறு. டயரைப் பிடித்து அதேபோல் ஆட்டினால் அசையவில்லை. அதனால் சக்கரத்தின் பேரிங்குகளும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஸ்புராக்கெட் நட்டுகளின் பூட்டு வாஷர் மடிப்பு கலையவில்லை, நட்டைச் சுற்றித் துருப்பொடியும் இல்லை. மிஞ்சியது கேரியர் பேரிங்.

சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்த பிறகு கேரியர் தொளதொளவென்று ஆடும். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ஆக்ஸில் இறுகியிருக்கும்போதுதான் அது நேராக நிற்கும். தீர்ப்பு சொல்ல வேண்டியது வண்டியில் மாட்டியிருக்கும்போதுதான். சயா சொன்னதில் எனக்கு ஒப்பாதது இதுதான்: கழற்றிப் போட்ட சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் எந்த ஹப்பும் போனது மாதிரித்தான் தெரியும்.

பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றினால் கரகரத்தது. ரப்பர் சீல் கிழிந்து செம்பழுப்புத் தண்ணீர் கசிந்தது. இந்த ஊரில் ஆண்டுக்கு நான்கரை மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, பேரிங்கைச் சொல்லிக் குற்றமில்லை. எண் 6203. உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். பேரிங்குக்கு உள்ளே போகும் ஸ்லீவ் என்ற குழலையும் தடவிப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. அது தேய்ந்திருந்தால் புதுப் பேரிங் போட்டும் ஆடும். பழைய பேரிங் கையாலேயே கழன்று வந்திருந்தால் கேரியரின் குழி போய்விட்டது என்று அர்த்தம். என்னுடையது சுத்தியலுக்குத்தான் அசைந்தது, நல்லது.

கேரியர் அலுமினியம். கொதிநீர் ஊற்றினால் இரும்பைவிட அதிகமாக விரியும். பேரிங்கைக் குளிர வைக்க வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, கரண்ட் போய்ப் போய் வரும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி, பேரிங்கை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்குள் புதைத்து வைத்தேன். சூடான கேரியரில் பாதி தானாகவே இறங்கியது. மீதியைப் பழைய பேரிங்கை மேலே வைத்து, வெளி வளையத்தில் மட்டும் படும்படி தட்டி இறக்கினேன். உள் வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகளின் பாதையில் தழும்பு விழும்.

“ரப்பரையும் மாத்திடு மாப்ள” என்றான் மச்சான். அளவு சரியானது கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, இழுவை விழும் பக்கம் மட்டும் ஒரு பட்டை செருகினேன். தடிமனாக வைத்தால் கேரியர் முழுசாக உட்காராது, செயின் கோணலாகிவிடும். உள்ளே தள்ளச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

மாட்டி இறுக்கிய பிறகு பக்கவாட்டு ஆட்டம் சுத்தமாக இல்லை. ஷீட் கட்டு ஏற்றினால் மட்டும் சின்னதாக ஒரு டக் இன்னும் வருகிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் செயின் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தொங்குகிறது. ஸ்புராக்கெட் பற்களும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருக்கின்றன. மழை விட்டதும் 428 அளவுச் செயினையும் முன் பின் ஸ்புராக்கெட்டுகளையும் ஒரே செட்டாக மாற்றப் போகிறேன். அளவு சரியான ரப்பர் அதற்குள் கிடைத்தால் அதையும்.