ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவே

அம்மாவுக்குப் படபடப்பு வந்தால் அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவே சொல்லும் பதில் ஒன்றுதான்: வாயு. பக்கத்து வீட்டு ஆச்சி பூண்டு சுட்டுக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் சரியாகியும்விடும். ஈசிஜி எடுக்கப் போனால் அந்த நேரம் பார்த்து நெஞ்சு ஒழுங்காகத் துடிக்கும். அம்மாவுக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. பலருக்கு ஆரம்பத்தில் இப்படித்தான், வரும், போகும். வந்திருக்கும்போது பிடித்தால்தான் உண்டு.

பாளையங்கோட்டையில் இதய டாக்டரிடம் போன அன்று படபடப்பு இருந்தது. நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ண, டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். நெஞ்சில் 128, கையில் 104. வலுவில்லாத துடிப்புகள் கை வரை வந்து சேராதாம். ஈசிஜியிலும் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி தாறுமாறாக இருந்தது. “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?” என்று கேட்டார். வந்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் பின்னாளில் இதய வால்வைக் கெடுக்குமாம். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. தைராய்டு சரியாக இருந்தது.

வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால் கொடுத்தார்கள். ஆனால் முக்கியமான மாத்திரை அதுவல்ல. மேலறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் அசிட்ரோம் மாத்திரை. மற்றவர்களுக்கு வயது, பிபி, சர்க்கரை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் இந்த வகை மாத்திரையை முடிவு செய்வார்களாம். வால்வு இப்படிச் சுருங்கியிருந்தால் அந்தக் கணக்கே வேண்டாம், கட்டாயம் போட வேண்டும். அடிக்கடி ரத்தம் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். இந்த வால்வுக்கு அவை ஏற்றவை அல்ல என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது ஐஎன்ஆர் பாடு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் எண் அது. 2-க்குக் கீழே போனால் ரத்தம் கட்டிக்கொள்ளும் பயம், 3-க்கு மேலே போனால் கசியும் பயம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிர். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா கீரையையே தொடவில்லை, ஐஎன்ஆர் ஏறியது. பிறகு அத்தை வீட்டுக் கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரை தாராளம், நாலைந்து நாள் அதுவே சாப்பாடு, 1.6-க்கு இறங்கியது. கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிதானத்துக்கு வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கீரையைவிட எனக்குப் பயம் முழங்கால் வலி மாத்திரை. மெடிக்கல் கடையில் கேட்டவுடன் டைக்ளோஃபெனாக் கொடுத்துவிடுவார்கள். அசிட்ரோமோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். அதனால் அம்மாவின் பையில் மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்று எப்போதும் இருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதை நீட்ட வேண்டும்.

“ஏட்டி, படபடப்புதான் இல்லையே, இந்த மாத்திரை எதுக்கு?” என்று இப்போதும் கேட்கிறார். படபடப்பு இல்லாவிட்டாலும் ரத்தக்கட்டி உருவாகலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. பிடுங்கும் முன் ஐஎன்ஆர் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் பல் டாக்டர். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்கிறார் இதய டாக்டர். ரெண்டு பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும், அம்மாவை மறுபடி பஸ் ஏற்றுவது லேசில்லை.