மலைக்குள் இருக்கும் இறுக்கத்தை அளப்பது

எங்கள் ஆலங்குளம் பக்கம் போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால் சிலர் ஹைட்ரோ ஃபிராக்சரிங் செய்து பார்ப்பார்கள். துளைக்குள் ரப்பர் பேக்கரை இறக்கி, ஊதி அடைத்து, அதற்குக் கீழே தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறையில் மூடிக் கிடக்கும் வெடிப்பு திறந்தால் ஊற்று கூடும். என் பிழைப்பும் கிட்டத்தட்ட அதே கருவியோடுதான். நிலத்தடி மின்நிலையம், சுரங்கப்பாதை வரப்போகும் இடங்களில் பாறைக்குள் தகைவு, அதாவது பாறையை நெருக்கும் இறுக்கம், எவ்வளவு, எந்தத் திசையில் என்று அளக்கும் வேலை.

அம்பாசமுத்திரத்துச் சித்தப்பா ஒருநாள் கேட்டார்: "மேல இருக்க கல்லோட எடையக் கணக்குப் போட்டாப் போதாதாடே?"

பாதிக்குப் போதும். நம்ம ஊர் சார்னோகைட், நைஸ் மாதிரிக் கல் ஒரு கனமீட்டர் சுமார் 2.7 டன். 1,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 270 கிலோ பாரம். மேலிருந்து வருவதை இப்படிச் சொல்லிவிடலாம். பக்கவாட்டிலிருந்து நெருக்குவதைச் சொல்ல முடியாது. 1950களில் ஸ்வீடனின் நில்ஸ் ஹாஸ்ட் சுரங்கங்களில் அளந்தபோது பக்கவாட்டுத் தகைவு மேலிருந்து வருவதைவிட அதிகமாக இருந்தது. அதன்பின் உலகின் பல இடங்களில், அதிக ஆழமில்லாத பாறைகளில், இதையே பார்த்திருக்கிறார்கள். ஆகவே அளந்தே தீர வேண்டும்.

எங்கள் முறையில் முதலில் துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த கல்லை (கோர் என்போம்) பார்த்து, விரிசலே இல்லாத ஒரு துண்டு ஆழத்தைத் தேர்ந்தெடுப்போம். மேலே ஒரு பேக்கர், கீழே ஒரு பேக்கர், நடுவில் தண்ணீர். பம்பு ஓட ஓட அழுத்தம் ஏறும். பாறை பிளந்ததும் பொத்தென்று இறங்கும். உடனே பம்பை நிறுத்தி வால்வை மூடிவிட வேண்டும். அழுத்தம் வேகமாக விழுந்து ஓரிடத்தில் நிதானப்படும். பிளவு அப்போதுதான் மூடப் பார்க்கிறது. அந்த எண்தான் குறைந்தபட்சத் தகைவு. இதைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரே எண் வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம் மென்மையான ரப்பர் சுற்றிய இன்னொரு பேக்கரைத் திசைகாட்டியோடு இறக்கினால், மாவில் விரல் பதிவது போலப் பிளவு அதில் பதிந்து வரும். செங்குத்துத் துளையில் நெடுக ஓடும் பிளவு, அதிக நெருக்கம் இருக்கும் திசையிலேயே ஓடும். குறைந்தபட்சத் தகைவை நான் தைரியமாக நம்புவேன். அதிகபட்சத்தைச் சூத்திரத்தில் கணக்கிட்டுத்தான் எடுக்கிறோம். அதில் அந்த அளவு நம்பிக்கை கிடையாது.

ஓவர்கோரிங் வேறு வழி. சிறு துளைக்குள், நுண்ணிய நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் பதித்த குழல் போன்ற கருவியை ஒட்டி, அதைச் சுற்றிப் பெரிய துளை போட்டுப் பாறையை விடுவிப்பார்கள். நெருக்கம் நீங்கிய கல் நூலிழைக்கும் குறைவாக விரியும், அதிலிருந்து மூன்று திசைத் தகைவும் கிடைக்கும். ஒரே துளையில் இவ்வளவு கிடைப்பது அருமையான விஷயம். ஆனால் ஈரமான துளையில் பசை பிடிப்பது கடினம். தகைவு மிக அதிகமான இடத்தில் கோர் வில்லை வில்லையாக உடைந்துவிடும். சுரங்கச் சுவரில் பிளவு வெட்டி, அதில் திரவ அழுத்தத்தால் உப்பும் தட்டையான உலோகப் பையை (ஃபிளாட் ஜாக்) வைத்து அளப்பதும் உண்டு. அது அந்தச் சுவரோரத்தை மட்டும்தான் சொல்லும்.

இதெல்லாம் எதற்கு? கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். நெருக்கம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறி, நம் தமிழ்த் தொழிலாளிகள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் அந்த ஊரில்தான் தொடங்கியது. நிலத்தடி மின்நிலையத்துக்குக் குடையும் குகையின் நீள அச்சை அதிகபட்சத் தகைவின் திசையை ஒட்டி வைத்தால் நெடுஞ்சுவர்கள் மேல் நெருக்கம் குறையும். வரைபடம் முடிந்தபிறகு திசையை மாற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் ஆய்வுத் துளை போடும்போதே அளக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுகிறேன். அதுவும் ஓர் ஆழத்தில் மட்டும் அளந்து முடிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு பெரிய பிளவு ஓடினாலே திசை திரும்பிவிடும்; பல ஆழங்களில் அளந்தால்தான் அது தெரியவரும்.