ஊருக்குச் சொன்ன பவுனும் பட்டியலில் எழுதிய பவுனும்

பிரிவதென்று முடிவெடுப்பதுதான் கடினம், மற்றதையெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். வக்கீல் பார்த்துக்கொள்வது மனுவைத்தான். அதில் எழுத வேண்டிய சங்கதிகளை நாம்தான் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி பரஸ்பர சம்மதத்தில் விலகுவதென்று நானும் கணவரும் பேசி முடித்திருந்தோம். மனுப் போடும் முன் குறைந்தது ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நான் பிறந்த வீட்டுக்கு வந்து அதற்கு மேலேயே ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, ஆதார், பதிவுச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் கிடைத்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் வேலையில் பாதி அதைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

இழுத்தடித்தது நகைதான்.

"எத்தனை பவுன் போட்டீர்கள்?" என்று வக்கீல் கேட்டதும் அம்மா யோசிக்காமல் "ஐம்பது" என்றார். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஊருக்குச் சொன்ன கணக்கு வேண்டாம்மா. பில் இருக்கிற கணக்கைச் சொல்லுங்கள்."

அன்றிரவு கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகூர்த்தப் படத்தில் என் கழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நெக்லஸ் எங்களுடையது, பில் இருக்கிறது. மாங்காய் மாலை சித்தியிடம் வாங்கிய இரவல், மறுவாரமே திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒட்டியாணம் கவரிங். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கியது. அறையில் வேறு யாரும் இல்லை என்றாலும்! நாத்தனார் போட்ட மோதிரத்தையும் மாமியார் போட்ட தாலிக்கொடியையும் சேர்ப்பதா என்று குழம்பினோம். பெண்ணுக்கென்று கொடுத்தது எந்த வீட்டார் கொடுத்ததானாலும் அவளுடைய சீதனம்தான், அவளுக்கே சொந்தம் என்று வக்கீல் தெளிவுபடுத்தினார்.

வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகள், மணமக்களுக்கு வரும் பரிசுகளை விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயரோடு பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. அப்படி எழுதிவைத்த கல்யாண வீட்டை நான் பார்த்ததில்லை. நூற்றொரு ரூபாய் மொய்க்கு நோட்டுப் போடுகிறோம், பவுனுக்குப் போடுவதில்லை.

நகைகள் என் பெயரிலும் கணவர் பெயரிலும் உள்ள வங்கி லாக்கரில் இருந்தன. ஒரு காலை நேரத்தில் இருவரும் போய்த் திறந்து, பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். ஒரு ஜோடி வளையலைக் காணவில்லை. வீட்டுக் கடனுக்கு விற்றது என்று அவர் நினைவூட்டினார், உண்மைதான், பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்தது ஜீவனாம்சத் தொகை. தொகையைவிட அது எப்போது கைக்கு வரும் என்பதில்தான் வக்கீல் குறியாக இருந்தார். முதல் மனுவுக்கும், இருவரும் மீண்டும் நீதிபதி முன் சம்மதம் சொல்லும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே பாதித் தொகை மனுத் தாக்கலின்போதும், மீதி இரண்டாவது முறை நீதிபதி முன் நிற்கும்போது வரைவோலையாகவும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். அந்த ஆறு மாதத்தை உரிய வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, கணவருக்குப் பணம் புரட்ட அவகாசம் தேவைப்பட்டது.

குடும்பநல நீதிமன்றத்தில் நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்காரவைத்துப் பேசினார். நீதிபதி கேட்டது, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்பதைத்தான். வெளியே பெஞ்சில் காத்திருந்த நேரம்தான் மிக அதிகம். தண்ணீர் பாட்டிலும் ஒரு துணைக்கு ஆளும் கட்டாயம் வேண்டும். அறிவுரை சொல்லாத ஆளாகப் பார்த்து அழைத்துப்போங்கள்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள், ஒன்றுக்கு மேல் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்க அதைத்தான் கேட்பார்கள். காப்பீட்டு பாலிசியில் நியமனதாரர் தானாக மாறிவிட மாட்டார். நாம்தான் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். நான் அம்மா பெயரைப் போட்டிருக்கிறேன்.