பட்டுத் தொப்பி பறித்த மேரி
1786-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நீதிமன்றம் மேரி பிராட் என்ற மீனவர் வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கு விதித்தது. வழிப்பறிக் குற்றம், பறித்ததில் ஒரு பட்டுத் தொப்பியும் உண்டு. அப்புறம் தண்டனையை ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைத்து 'சார்லட்' கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றினார்கள், வழியில் பிறந்த மகளுக்கும் சார்லட் என்றே பெயர் வைத்தாள். 1791 மார்ச்சில் கணவர், இரண்டு குழந்தைகள், இன்னும் ஏழு கைதிகளோடு சிட்னியிலிருந்து ஆளுநரின் படகைக் கிளப்பிக்கொண்டு, கூரைகூட இல்லாத அந்தப் படகிலேயே சுமார் 5,000 கிலோமீட்டர் கடந்து திமோர் போய்ச் சேர்ந்தாள். என்ன துணிச்சல்! அங்கே பிடிபட்டு லண்டன் திரும்புவதற்குள் கணவரும் இரு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். ஒரு தொப்பிக்கா இவ்வளவும்? எனக்கு மனசு ஆறவேயில்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அவளுக்காகப் போராடினார். 1793-ல் மன்னிப்பு கிடைத்தது.