கூரை போன ஊரில் வசந்தகாலப் பயிற்சி

பிப்ரவரி 12, 2025, புதன்

பேஸ்பால் பயிற்சி முகாமுக்கு, பந்து வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் வந்துவிட்டார்கள். இந்த ஒரு வரிச் செய்திக்காகத்தான் நவம்பரிலிருந்து காத்திருந்தேன். தோளும் முழங்கையும் பதப்பட நாளாகும் என்பதால் பந்து வீசுகிறவர்களுக்குத்தான் எப்போதும் முதல் அழைப்பு. மற்றவர்கள் சில நாள் கழித்து வருவார்கள்.

எங்கள் ஊரான ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆடும் டாம்பா பே ரேஸ் அணி வழக்கம்போல் தெற்கே போர்ட் சார்லட்டில் கூடியிருக்கிறது. பயிற்சிக்கு இடம் இருக்கிறது, சீசனுக்குத்தான் சொந்த வீடு இல்லை. போன அக்டோபர் 9ஆம் தேதி இரவு மில்டன் புயல் அணியின் மைதானமான டிராபிகானா ஃபீல்டின் கூரைத் துணியைக் கிழித்து எறிந்தது. அதற்கு முன்னால்தான் மீட்புப் பணியாளர்கள் தங்குவதற்காக மைதானத்தின் புல்தரையில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். நல்லவேளை, காற்று வலுக்கும் முன்பே ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கூரை மேலும் நீலத் தார்ப்பாய்தான் கிடந்தது.

இந்த வருடம் ரேஸ் தன் சொந்த ஆட்டங்களை விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் டாம்பாவில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் பயிற்சி மைதானமான ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டில் ஆடப்போகிறது. ஒரே பிரிவில் மோதும் எதிரியின் வீட்டில் ஒண்டிக் குடித்தனம். சரி, தெருவில் நிற்காமல் இருக்கிறார்களே.

பிப்ரவரி 15, சனி

ஃப்ளோரிடாவில் பயிற்சி எடுக்கும் 15 அணிகளுக்கு ஏன் கிரேப்ஃப்ரூட் லீக் என்று பெயர் என்று மகள் கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

1915ஆம் வருடம், டேடோனா பீச். புரூக்ளின் அணியின் மேலாளர் வில்பர்ட் ராபின்சன் பழைய கேட்சர். விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். விமானத்தை ஓட்டியவர் ரூத் லா என்ற பெண். பந்தைக் கொண்டுவர மறந்துவிட்டதால் கையில் கிடைத்த கிரேப்ஃப்ரூட்டைக் கீழே போட்டார். நம் பம்பளிமாஸுக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் பழம். அவ்வளவு உயரத்திலிருந்து வந்து தன் மேல் விழுந்து வெடித்ததில் ராபின்சன் மல்லாந்து விழுந்தார். முகமெல்லாம் சாறும் சதையும் வழிய, ரத்தம் என்று நினைத்து, செத்துப்போய்விட்டோம் என்றே அலறினாராம். லீக்குக்குப் பெயர் அதிலிருந்து வந்தது என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் கதை.

அவள் உடனே ரூத் லாவைப் பற்றித் தேட ஆரம்பித்தாள். 1915லேயே ஒரு பெண் விமானம் ஓட்டினாள் என்பதுதான் அவளுக்குப் பெரிய செய்தி. எனக்கு அது இத்தனை நாள் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் இனி தாடி வைத்துக்கொள்ளலாம். அப்போதைய உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் 1970களில் போட்ட தடையை மகன் ஹால் இன்று தளர்த்திவிட்டார். ஒழுங்காகத் திருத்திய தாடியாக இருக்க வேண்டுமாம். சின்ன விஷயம்தான். ஆனாலும் ஐம்பது வருடப் பழக்கம் ஒரு காலை அறிக்கையில் முடிந்துபோவதைப் பார்க்க மனசு நிறைவாக இருந்தது.

நேற்று அரிசோனாவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் ஆடியதில் இன்னொரு பழக்கமும் அசைந்திருக்கிறது. பந்து அடிக்கத் தகுந்த எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா, வெளியே போன பாலா என்ற அம்பயர் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்யும் வசதியை இந்த வசந்தத்தில் 13 மைதானங்களில் சோதிக்கிறார்கள். பிட்சர், கேட்சர், பேட்டர் மூவரில் ஒருவர் உடனே தன் தலையைத் தட்ட வேண்டும், கேமராக் கணக்கு திரையில் வரும். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு, முறையீடு சரியென்றால் அந்த வாய்ப்பு குறையாது. கப்ஸின் கோடி போட்டீட் முதல் ஆளாகத் தொப்பியைத் தட்டினார், பால் என்று சொன்னது ஸ்ட்ரைக் ஆனது. எனக்கு இது பிடித்திருக்கிறது. எல்லாப் பந்தையும் எந்திரமே தீர்மானித்தால் பிடிக்காது.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் கடலோரம் ஆல் லாங் மைதானம் வரை நடந்தேன். இப்போது அங்கே கால்பந்து ஆடுகிறார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் யாங்கீஸும் ஒரே சமயத்தில் பயிற்சி எடுத்த இடம் அது. ஆல் லாங் என்பவர் இந்த ஊரின் மேயராக இருந்தவர். அணிகளை இங்கே அழைத்து வந்தவர் என்று அவரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இதே ஊரின் கறுப்பின மருத்துவர் டாக்டர் ரால்ஃப் விம்பிஷைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

அந்த நாளில் கார்டினல்ஸ் தங்கியது வினாய் பார்க் ஹோட்டலில், யாங்கீஸ் தங்கியது சொரேனோ ஹோட்டலில். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இரண்டிலும் அறை கிடையாது. பகலில் ஒன்றாக ஆடிவிட்டு, மாலையானால் ஊரின் தெற்குப் பக்கம் யார் வீட்டிலாவது தங்க வேண்டும். அந்த வீடுகளைத் தேடிக் கொடுத்தவர்களில் விம்பிஷும் ஒருவர். யாங்கீஸின் எல்ஸ்டன் ஹோவர்ட் அவர் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். 1961 தொடக்கத்தில் விம்பிஷ், இனி நான் வீடு தேடித் தரமாட்டேன், உங்கள் ஆட்டக்காரர்களுக்கு உங்கள் ஹோட்டலிலேயே இடம் கேளுங்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

கோபமாகப் பேசியதை விட, செய்துகொண்டிருந்த உதவியை நிறுத்தியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த உதவி இருந்த வரைக்கும்தான் அநியாயம் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதே மாதங்களில் சிகாகோவிலிருந்து வெண்டல் ஸ்மித் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். மார்ச்சில் இங்குள்ள யாட் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்குக் காலை விருந்து வைத்தார்கள். கார்டினல்ஸின் கறுப்பின ஆட்டக்காரர் பில் வைட் அழைப்புப் பட்டியலைப் பார்த்தார். கறுப்பினத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நிருபரிடம் சொன்னார், செய்தி நாடு முழுக்கப் போனது. அணியின் உரிமையாளர்கள் பியர் நிறுவனக்காரர்கள், செயின்ட் லூயிஸில் அந்தப் பியரையே வாங்காதீர்கள் என்ற பேச்சு எழுந்தது. பிறகு அவருக்கு அழைப்பு வந்தது. வைட் போகவில்லை. 

அடுத்த வருடம் யாங்கீஸ் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போய்விட்டது. கார்டினல்ஸ் முழு அணிக்கும் சேர்த்து ஒரு மோட்டலை எடுத்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் பாப் கிப்சன், கர்ட் ஃப்ளட் குடும்பங்களும், கடற்கரை வீட்டை விட்டுவிட்டு வந்த வெள்ளை நட்சத்திரம் ஸ்டான் மியூசியல் குடும்பமும் ஒரே இடத்தில். குழந்தைகள் ஒரே நீச்சல் குளத்தில் நீந்தின. ஃப்ளோரிடாவில் அதை வேடிக்கை பார்க்கவே கார்கள் மெதுவாகப் போயினவாம். 1964ல் அந்த அணிதான் பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை வென்றது.

வினாய் ஹோட்டல் இன்றும் இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மார்ச் 1, சனி

வேலை அதிகம், எழுத நேரமில்லை. 765 மில்லியன் டாலருக்கு மெட்ஸ் எடுத்த வான் சோட்டோ போன வாரம் முதல் முறை மட்டையைத் தூக்கியதுமே பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பிய ஹோம் ரன். நேற்று டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஓதானியும் அப்படியே. தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு முதல் ஆட்டம், எதிரே பந்து வீசியவர் அவர் படித்த அதே பள்ளியில் மூத்தவரான கிகுச்சி.

மார்ச் 13, வியாழன்

ரேஸ் உரிமையாளர் ஸ்டூவர்ட் ஸ்டர்ன்பெர்க், 1.3 பில்லியன் டாலர் புது மைதானத் திட்டத்திலிருந்து விலகுவதாக இன்று அறிவித்துவிட்டார். புயலும் தாமதமும் செலவை ஏற்றிவிட்டன என்கிறார். அணி இந்த ஊரில் இருக்குமா, போகுமா என்று அலுவலகத்தில் எல்லோரும் பேசினார்கள்.

நான் அந்த நிலத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிராபிகானா நிற்கும் இடம் முன்பு கேஸ் பிளான்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பு. இரண்டு பெரிய எரிவாயுத் தொட்டிகளால் வந்த பெயர். வீடு, தேவாலயம், கடை எல்லாம் இருந்த பகுதி. வேலைவாய்ப்பு வரும், புது வீடு வரும் என்று சொல்லி எல்லோரையும் காலி செய்தார்கள், அப்புறம் அங்கே வந்தது மைதானம். 1990ல் திறந்தபோது ஆட ஓர் அணிகூட இல்லை, ரேஸ் வந்தது 1998ல். இப்போது விட்டுப்போன திட்டத்தில், அங்கே மறுபடி வீடுகள் கட்டுவதும் ஒரு பகுதியாக இருந்தது. அன்று வீட்டை விட்டுப் போனவர்களில் இன்றும் உயிரோடு இருப்பவர்களுக்கு இன்றைய செய்தி எப்படிக் கேட்டிருக்கும்?

மார்ச் 17, திங்கள்

1946ல் இதே நாள் டேடோனாவில், பின்னாளில் மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன், கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸின் சட்டையில், தாய் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு எதிராக இறங்கினார். கல்யாணமாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஃப்ளோரிடாவுக்கு வரும் வழியில் அவரையும் மனைவி ரேச்சலையும் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள், பேருந்தில் பின் இருக்கைக்குத் துரத்தினார்கள். சான்ஃபோர்டில் மிரட்டல் வந்ததால் இரண்டு நாளிலேயே டேடோனாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே ஜோ ஹாரிஸ், டஃபரின் ஹாரிஸ் தம்பதி தங்கள் வீட்டில் அவர்களுக்கு அறை கொடுத்தார்கள். 

அன்று வந்த சுமார் 4,000 பேரில் 1,000 பேர் கறுப்பினத்தவர், தனியே ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்திருந்தார்கள். ராபின்சன் அடித்தது ஒன்றும் பலிக்கவில்லை. ஆனால் எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடி (பேஸைத் திருடுவது என்பார்கள்), ஒரு ரன் எடுத்தார். அதற்குப் பிறகும் ஜாக்சன்வில் நகரம் தன் மைதானத்தின் கதவைப் பூட்டி வைத்தது. டிலாண்டில் விளக்கு எரியவில்லை என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். அது பகல் ஆட்டம்.

இப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அதே டாட்ஜர்ஸ் நாளை டோக்கியோவில் கப்ஸோடு சீசனைத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஜப்பானியப் பிட்சர்கள், யமமோட்டோவும் இமனாகாவும். இங்கே காலை ஆறு மணி தாண்டியதும் முதல் பந்து. அலாரம் வைத்துவிட்டேன். தன்னையும் எழுப்பச் சொல்லிவிட்டுத்தான் மகள் தூங்கப் போனாள்.