எதியோபீஆவில் எத்தனை அசை?

மெக்சிகோ நகரத்தில் ஸ்பானியம் படிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம், ஆசிரியை 20 சொற்களைக் கொடுத்து அசை அசையாக, அதாவது ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டுகளாக, பிரித்து வரச் சொன்னார். பள்ளியில் வெண்பாவுக்கு அலகிட்டுப் பழகியவன் என்ற தைரியத்தில் உட்கார்ந்தேன். 11 சொற்கள் தவறு.

வருத்தமாக இருந்தது. ஸ்பானியத்தில் அசை தெரியாவிட்டால் எழுத்துப்பிழை நிச்சயம். உயிரிலோ, என் (n), எஸ் (s) எழுத்துகளிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசை அழுத்தம் பெறும். மற்றவற்றில் கடைசி அசை. இதை மீறும் சொல்லின் உயிர்மேல் குறி இட வேண்டும். அசையை எண்ணத் தெரியாதவன் எங்கே குறி இடுவான்?

தினமும் மெட்ரோவின் மூன்றாம் தடத்தில்தான் வேலைக்குப் போவேன். இந்தியோஸ் வெர்தெஸ் முதல் உனிவெர்சிதாத் வரை 21 நிலையங்கள். அந்தப் பெயர்களையே பாடமாக வைத்துக்கொண்டேன்.

பொத்ரெரோ நிலையத்தை நான் பொத்-ரெ-ரோ என்று பிரித்தேன். பத்திரம், சூத்திரம் என்று மெய்யெழுத்தை முன்னெழுத்தோடு சேர்த்தே கேட்ட காது அப்படித்தான் பிரிக்கும். ஸ்பானியத்திலோ த்ர், ப்ல், க்ர் போன்ற இணைகள் பிரியாமல் அடுத்த உயிரோடு போகும்: பொ-த்ரெ-ரோ. இது இரண்டே நாளில் பிடிபட்டது.

உயிர்கள்தான் நெடுநாள் அலைக்கழித்தன. மணி, அழகு சேர்ந்தால் மணியழகு. இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நாம் உடனே யகரத்தையோ வகரத்தையோ நுழைத்துவிடுகிறோம். எதியோபீஆ நிலையத்தை நான் எ-தி-யோ-பி-யா என்று ஐந்தாக எண்ணினேன். ஆசிரியை என் புறங்கையை முகவாயின் கீழ் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொன்னார். தாடை நான்கு முறைதான் இறங்கியது: எ-தியோ-பீ-ஆ. இ, உ இரண்டும் மென்மையான உயிர்கள். ஆ, எ, ஓ வலிய உயிர்கள். மென்மையானது வலியதோடு ஒட்டி ஓரசையாகும். அந்த மென்மையான உயிரின் மேலேயே குறி இருந்தால் தனியசை. ஒரே சொல்லில் இரண்டு விதியும் இருந்ததைக் கண்டபோது வண்டியிலேயே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வலியவை இரண்டு சந்தித்தால் எப்போதும் பிரியும்: நீஞோஸ் எரோஎஸ் நிலையத்தில் எ-ரோ-எஸ், கொயோஆகானில் கொ-யோ-ஆ-கான்.

ஒன்று மட்டும் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. அட்லஸ் என்பதன் ஸ்பானிய வடிவத்தை, ஸ்பெயினில் அச்சான என் பயிற்சிநூல் அத்-லாஸ் என்று பிரித்தது. ஆசிரியை அ-த்லாஸ் என்றார். இந்த மண்ணின் நாவாத்ல் மொழியில் த்ல் ஒரே மெய். அதனால்தான் த்லா-தெ-லொல்-கோ என்ற நிலையப் பெயரின் முதலிலேயே அது நிற்கிறது. மெக்சிகோக்காரர்களின் நாக்கும் அதைப் பிளப்பதில்லை. ஸ்பானிய மொழி அகாதெமி இரண்டு பிரிப்பையும் ஏற்கிறது. நான் இங்கே கற்றவன். அ-த்லாஸ் என்றே எழுதுகிறேன்.