பேரேட்டில் நின்ற பாக்கி

நாவல் எழுதுகிறவன் எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது காரைக்குடியில் எங்கள் வளவில் உள்ளவர்களின் கட்சி. கையில் புத்தகத்தோடு முகப்பில் உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கிறான் என்று முடிவு கட்டி ஆத்தா ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்.

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து பொருள் தேட, போன ஒரு பெட்டியடிப் பையனின் (வட்டிக்கடையில் தொழில் பழகும் எடுபிடிச் சிறுவனின்) கதையை எழுதிவருவதால் பலதும் படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துத் தொழிலைக் கற்பதற்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. உலகப்போர்க் காலத்தில் சுமத்ராவின் மெடான் நகரில் நிற்கும் கதை, எந்த அறிவிப்பும் இல்லாமல் மதுரைத் தெருக்களுக்குத் தாவிவிடும். அந்தத் தாவலின் சூட்சுமத்தைப் பிடிக்கத்தான் உட்காருகிறேன், இரண்டு பக்கத்தில் சூட்சுமத்தை மறந்து கதையில் விழுந்துவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு 1929-30ஆம் ஆண்டின் பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கை; அந்நாளில் அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாகச் சொல்லும் அது, தூக்கம் வராதவர்களுக்கும் மிகவும் உகந்தது. இன்பத்துக்குக் கோட்டையூர் ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகள். காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காக உலகமெல்லாம் அலைந்த மனிதர், வாக்கியத்தில் மட்டும் அப்படியொரு சிக்கனம்.

இவற்றோடு நின்றிருக்கலாம். பரணில் கிடந்த பழைய பேரேட்டையும் ஆராய்ச்சிக்கென்று இறக்கினேன். தமிழ் எண்களும் அரைக்கால், மாகாணி என்ற பழைய பின்னக் கணக்குகளும் நிறைந்த அந்தப் பக்கங்களில் நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொடர்கதை படிக்கும் வேகத்தில் பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. பக்கத்து வளவு அய்யாவின் பெயரில் பற்று இருந்தது. அதற்கு நேரே வரவு இல்லை.

"வட்டி போட்டுப் பாரு தம்பி" என்றார். அசலைக் கொடுத்தவரும் வாங்கியவரும் காலமாகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது என்ற என் வாதம் எடுபடவில்லை.

அன்று மாலை பக்கத்து வளவு அண்ணன், இந்த வழக்கு ஏதும் அறியாமல், வழக்கம்போலக் காப்பி குடிக்க வந்தார். அப்பத்தா காப்பியைத் தடுக்கவில்லை. ஆனால் தேன்குழல் தட்டை மட்டும் மெல்லத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நான் வேறு வழியின்றிக் காரணத்தைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார்.

"எங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பேரேடு கெடக்கு அப்பத்தா. ஒங்க வீட்டு அய்யா பேரு அதுல எத்தனை பக்கத்துல நிக்குதுன்னு பாத்துட்டு வரவா?"

அப்பத்தா பேரேட்டை மூடினார். தட்டு அண்ணனிடம் நகர்ந்தது. பேச்சு உடனே ஊர்த் திருவிழாவுக்கு மாறிவிட்டது. அண்ணனை வாசல்வரை கொண்டுபோய் விடும் சாக்கில் உடன் சென்ற நான், அப்பத்தா காதில் விழாதபடி, அந்தப் பேரேட்டை நாளைக் காலையிலேயே எடுத்துவரும்படி கேட்டுக்கொண்டேன்.